ராசி ஓடுது என்று நம்பலாமா?

(மேற்பிரிவுக் கோயில் மண்டபத்தில், சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)

போன மாதம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிப் பேசினோம். இந்த மாதம் பிள்ளைகளின் பற்களைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இருந்தேன். அதற்கிடையில் ஒரு காலை நேரம் ஒரு தாய் என் அறைக்கு வந்தார். கூட அவருடைய மகன், இருபத்திரண்டு வயது. மகன் தலையைத் தூக்கவே இல்லை. தாயின் காதைப் பார்த்தேன். தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குத் துண்டு இருந்தது. அதைப் பார்த்தால் நமக்கெல்லாம் விளங்கும். தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

அந்தத் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு லீவில் வந்தவர், இரவில் போனில் ஒரு காசு விளையாட்டு விளையாடியிருக்கிறார். முதல் இரவு 500 ரூபாய் போட்டு 1,800 ரூபாய் வந்தது. அடுத்த இரவும் வந்தது. மூன்றாம் இரவும் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னிடம் சொல்ல வந்தார்கள். கையில் கொண்டு வந்த சம்பளம் போனது. சிநேகிதனிடம் கைமாற்றாக வாங்கியது போனது. பத்தாம் நாள் அம்மாவின் தோடும் போனது.

"ஏன் தம்பி, மூணாம் நாளே நிப்பாட்டி இருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "எப்புடி சேர் நிப்பாட்டுறது? அப்ப எனக்கு ராசி ஓடுச்சு. ஓடுறப்ப விடக்கூடாதுன்னு நெனச்சேன்."

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்குத் தகுதியும் இல்லை. அது ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் இதைப் பேசுவதற்கு அந்தத் தாயும் மகனும் சம்மதம் தந்தார்கள். "மத்த புள்ளைங்களுக்காவது பிரயோசனப்படட்டும்" என்று அந்த அம்மா சொன்னார். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

ராசி ஓடுவது என்றால் என்ன? இரண்டு மூன்று தடவை தொடர்ந்து வென்றுவிட்டால், நாலாவது தடவையும் வெல்லுவோம் என்று மனம் சொல்கிறது. கைராசி என்கிறோம். நேரம் நல்லா இருக்கு என்கிறோம். லொத்தர் டிக்கட், கடதாசி விளையாட்டு, குதிரை ரேஸ், இப்போது போன், எல்லாவற்றிலும் இந்த நம்பிக்கை இருக்கிறது. இது உண்மையா பொய்யா என்று இங்கேயே பார்த்துவிடலாம்.

(இந்த இடத்தில் பத்தாம் ஆண்டு படிக்கும் இரண்டு பிள்ளைகள் முன்னால் அழைக்கப்பட்டார்கள்.)

மகள், நீங்கள் இந்தக் காசை 20 தடவை சுண்டுங்கள். பூவா தலையா என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். தம்பி, நீங்கள் காசைத் தொட வேண்டாம். சுண்டினால் எப்படி வரும் என்று மனதில் நினைத்து, 20 தடவைக்கு அந்தப் பக்கம் எழுதுங்கள்.

பார்த்தீர்களா? மகள் சுண்டும்போது பூ நாலு தடவை தொடர்ந்து வந்தது. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் "அடுத்ததும் பூதான், பூ ஓடுது" என்று சத்தம் போட்டீர்கள். அந்தப் பக்கம் இருந்த ஐயாமார் "இல்ல, இனி தலைதான் வரணும்" என்றீர்கள். வந்தது பூ. இந்தப் பக்கம் கைதட்டினீர்கள். ஆனால் காசுக்கு நீங்கள் கத்தியது கேட்டதா? இதற்கு முன்னால் தனக்கு என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான். நாலு பூ வந்த பிறகும் பாதிக்குப் பாதிதான்.

இப்போது தம்பி மனதால் எழுதியதைப் பாருங்கள். பூ, தலை, பூ, பூ, தலை என்று மாறி மாறிப் போகிறது. ஓர் இடத்திலும் ஒரே பக்கம் மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து வரவில்லை. ஏனென்றால், தொடர்ந்து வந்தால் அது சும்மா வந்ததாக இருக்காது என்று தம்பியின் மனம் நினைக்கிறது. நம் எல்லோருடைய மனமும் அப்படித்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், காசை 20 தடவை சுண்டினால், பூவோ தலையோ நாலு தடவையாவது தொடர்ந்து வருவதற்கு 100க்கு 77 பங்கு வாய்ப்பு இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருவதற்குக்கூட 100க்கு 46 பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே தொடர்ந்து வருவது அதிசயம் இல்லை. தானாக நடக்கிற காரியத்தில் அது வரத்தான் செய்யும். அதைப் பார்த்து யாரோ நமக்கு வழி காட்டுகிறார்கள் என்று நினைப்பதுதான் பிசகு.

சரி, நாம் ஏன் இப்படி நினைக்கிறோம்? நமக்குப் புத்தி குறைவு என்பதாலா? இல்லை. நம்முடைய வேலையே நமக்கு அப்படித்தான் கற்றுத் தந்திருக்கிறது. மலையைப் பாருங்கள். மழை பெய்து வெயில் அடித்தால் கொழுந்து தள்ளுகிறது. இன்றைக்கு 22 கிலோ எடுத்த அக்கா நாளைக்கும் 22 கிலோ எடுப்பார். வறட்சி வந்தால், இன்றைக்குப் பேர் போட முடியாமல் தவிப்பவர் நாளைக்கும் தவிப்பார். நல்ல நாட்கள் கூட்டமாக வரும். கெட்ட நாட்களும் கூட்டமாக வரும். ஏன்? காரணம் இருக்கிறது. மழை ஒரு காரணம். கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் ஆனது என்பது ஒரு காரணம். கொழுந்து ரவுண்டு பிந்தாமல் வந்ததா என்பது ஒரு காரணம். அந்த அக்காவின் கைப்பழக்கம் ஒரு காரணம். இந்தக் காரணம் எல்லாம் ஒரே நாளில் மாறிப் போவதில்லை. அதனால் இன்றைக்கு நடந்தது நாளைக்கும் நடக்கிறது.

ஆனால் லொத்தர் டிக்கட்டுக்கு மழையும் இல்லை, கவ்வாத்தும் இல்லை. போன வாரம் விழுந்த இலக்கத்துக்கும் இந்த வாரம் விழப்போகும் இலக்கத்துக்கும் எந்த உறவும் இல்லை. மலையில் சரியாக வேலை செய்கிற அதே புத்தியைக் கொண்டுபோய் டிக்கட்டில் வைக்கிறோம். அங்கே அது நம்மை ஏமாற்றுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். தொடர்ந்து ஒன்று நடந்தால், "இதுக்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் நம்பலாம். காரணம் இல்லை என்றால் அது வெறும் காசு சுண்டல்.

படித்தவர்களுக்கும் இந்த மயக்கம் உண்டு. அமெரிக்காவில் கூடைப்பந்து விளையாட்டில், தொடர்ந்து இரண்டு மூன்று பந்தைக் கூடைக்குள் போட்டவரிடமே பந்தைக் கொடு என்பார்கள். அவருடைய கை சூடாகிவிட்டது என்பது அவர்களுடைய பேச்சு. நாம் கைராசி என்கிறோம். 1985இல் தோமஸ் கிலோவிச், ரொபர்ட் வலோன், அமோஸ் ட்வேர்ஸ்கி என்ற மூன்று பேர் பிலடெல்பியா அணியின் ஆட்டக் கணக்குகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பந்து விழுந்த பிறகு அடுத்த பந்து விழும் வாய்ப்புக் கூடவில்லை என்று எழுதினார்கள். விளையாடியவர்களே அதை நம்பவில்லை.

முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 2018இல் ஜோஷுவா மில்லர், அடம் சன்ஹூர்ஹோ என்ற இருவர் அந்தப் பழைய கணக்கில் ஒரு பிழை இருப்பதைக் காட்டினார்கள். அதைத் திருத்திப் பார்த்தால், பந்து எறிகிறவரின் கை சில நேரம் உண்மையாகவே நன்றாக ஓடலாம். ஓடலாம்தான். ஏனென்றால் அது பழக்கமும் உடம்பும் மனமும் சேர்ந்த வேலை. அங்கே காரணம் இருக்க இடம் உண்டு. டிக்கட்டில் அதற்கும் இடமில்லை. சுரண்டுகிற விரலுக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தங்கச்சியும் இருக்கிறாள். "இத்தனை தடவை விட்டாச்சு, இனி வரத்தான் வேணும்" என்பதுதான் அந்தத் தங்கச்சி. சற்று முன்னால் தலை வரும் என்று சொன்ன ஐயாமார் அவளுடைய பேச்சைத்தான் கேட்டார்கள். 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி ஐரோப்பாவில் மொண்டே கார்லோ என்ற இடத்துச் சூதாட்ட மண்டபத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சக்கரத்தைச் சுற்றுவார்கள். அன்றைக்குக் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. பணக்காரர்கள், படித்தவர்கள் எல்லாம் "இனி சிவப்புத்தான்" என்று ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக் கூட்டிக் கட்டினார்கள். பெரும் பணம் போனது. சக்கரத்துக்கும் ஞாபகம் கிடையாது. ஓடுது என்று நம்பினாலும் சரி, மாறும் என்று நம்பினாலும் சரி, நஷ்டம் ஒன்றுதான்.

இப்போது டிக்கட் கணக்கு. நம் நாட்டில் தேசிய லொத்தர் சபை 1963இல் தொடங்கியது. டிக்கட் எடுப்பது சட்டத்துக்கு விரோதம் இல்லை. எடுக்கிறவரை நான் குற்றம் சொல்லவும் இல்லை. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகச் சரிவந்தால் பெரிய பரிசு என்று வைத்துக்கொள்வோம். எழுத்து 26. ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம் விதம். இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம். அதில் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. நம்முடைய முன்னோர்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நினைவு கூர்ந்தோம். முதன்முதலில் வந்த பாட்டன் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக, ஒரு நாளும் விடாமல் தினம் இரண்டு டிக்கட் எடுத்து வந்திருந்தாலும், இன்று வரை அந்தப் பெரிய பரிசு ஒரு தடவை விழுந்திருக்கும் வாய்ப்பு 100க்கு ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காசு தினமும் போயிருக்கும். ஒரு டிக்கட் 40 ரூபாய் என்றால், தினம் இரண்டுக்கு 80 ரூபாய். வருஷத்துக்கு 29,200 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி, பாடசாலை பேக் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

"சேர், எனக்கு இடைக்கிடை விழுதே" என்று சொல்வீர்கள். விழும். 40 ரூபாய் விழும், 80 ரூபாய் விழும். சில நேரம் ஓர் ஆயிரமும் விழும். விழுந்த நாள் நமக்கு ஞாபகம் இருக்கிறது. விழாத நாள் ஞாபகத்தில் இல்லை. விழுந்ததை லயம் முழுக்கச் சொல்கிறோம். விழாததை அடுப்பில் போடுகிறோம்.

இப்போது என்னுடைய கதை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. டவுனில் ரேஸ் கட்டும் இடத்துக்குச் சனிக்கிழமைகளில் போவேன். ஓடுவது இங்கிலாந்தில் உள்ள குதிரை. கட்டுவது நுவரெலியாப் பக்கத்தில் இருக்கிற நான். அந்தக் குதிரையை நான் கண்ணால் கண்டதில்லை. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வென்றேன். சிநேகிதன்மார் என்னிடம் வந்து, "நீ எதுல கட்டுற, சொல்லு" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்குத் தலை நிற்கவில்லை. எனக்கு ஏதோ ஒரு ஞானம் வந்துவிட்டது என்றே நம்பினேன்.

அந்த மாதம் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. கூட்டாளிப் பெண்கள் சேர்ந்து மாதம் மாதம் கட்டுகிற சீட்டு. ஆறாயிரம் ரூபாய். காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டை. மழைக்கு முந்தி நாலு தகரம் மாற்ற வேண்டும் என்று அம்மா என்னிடம் காசைத் தந்து டவுனுக்கு அனுப்பினார். நான் தகரக் கடைக்குப் போகவில்லை. இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் இஸ்தோப்புக்கும் சேர்த்துத் தகரம் வாங்கலாமே என்று நினைத்தேன். பின்னேரம் ஐந்து மணிக்குக் கையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்தது.

அந்த வருஷம் ஜூன் மழை உங்களுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டி, அடுப்படியில் ஒரு வாளி. அம்மா இரவில் எழுந்து எழுந்து தண்ணீரை ஊற்றிவிட்டு வைப்பார். காலை ஆறரைக்குப் பிரட்டுக்குப் போவார். என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டார். "ஆறாயிரம் போனது போகட்டும். அதுக்கு முந்தி மூணு வாரம் ஜெயிச்சேன்னியே, அந்தக் காசு எங்கடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று வாரத்துக்கு முந்தி எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் விட்டதை நான் எழுதி வைக்கவே இல்லை. வென்றதை மட்டும் மனதில் எழுதி வைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தால், ராசி ஓடிய அந்த மூன்று வாரத்திலும் நான் நஷ்டக்காரன்தான். அந்தத் தம்பியைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை என்று சொன்னது இதனால்தான்.

எங்கள் காலத்தில் ரேஸ் கட்ட டவுனுக்குப் போக வேண்டும். பஸ் தவறினால் அன்றைக்குத் தப்பினோம். இப்போது அது தலையணைக்குக் கீழே இருக்கிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போனில் உள்ள ஒவ்வொரு திரையையும் ஒருவர் யோசித்து யோசித்துச் செய்கிறார். பாவனையாளர் அனுபவ வடிவமைப்பு என்று அந்த வேலைக்குப் பெயர். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறம், எந்தச் சத்தம், எப்போது மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தொழில். நல்ல தொழில்தான். பேங்க் வேலையையும் மின்சார பில் கட்டுவதையும் போனில் இலேசாகச் செய்ய முடிகிறது என்றால், அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் காசு விளையாட்டைச் செய்கிறவர்களிடம் அதே தொழில் போனால், "ராசி ஓடுது" என்ற எண்ணத்தை நம் மனதில் உண்டாக்குவதே வேலையாகிவிடுகிறது. எப்படி என்று நாலு உதாரணம் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

ஒன்று, தோற்றதை வென்றதாகக் காட்டுவது. 20 ரூபாய் போடுகிறீர்கள். 8 ரூபாய் திரும்பி வருகிறது. உண்மையில் 12 ரூபாய் நஷ்டம். ஆனால் திரையில் நட்சத்திரம் பறக்கிறது, மேளச் சத்தம் கேட்கிறது. மனம் அதை வெற்றி என்று பதிந்துகொள்கிறது. இப்படி ஐந்து தடவை நடந்தால் ஐந்து தடவை வென்றதுபோல இருக்கும்.

இரண்டு, மயிரிழையில் தப்பியதாகக் காட்டுவது. மூன்று மாம்பழம் வந்தால் பரிசு என்றால், இரண்டு வந்து மூன்றாவது கொஞ்சம் தள்ளி நிற்கும். "அடடா, நெருங்கிட்டோம்" என்று தோன்றும். நெருங்கவில்லை. தோல்வி தோல்விதான். ஆனால் இப்படி மயிரிழையில் தோற்றவருக்கு இன்னும் விளையாட வேண்டும் என்ற ஆசை கூடுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2009இல் எழுதியிருக்கிறார்கள்.

மூன்று, ஒழுங்கில்லாமல் பரிசு கொடுப்பது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் புறாக்களைக் கூட்டில் வைத்து ஆராய்ந்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒன்று என்று நிச்சயமாகக் கொடுத்த புறாவைவிட, எப்போது விழும் என்று தெரியாமல் வைத்திருந்த புறா, தானியம் நின்றுபோன பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. அடுத்த கொத்தில் வரலாம் என்ற எதிர்பார்ப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய விரலால் தட்டுகிறவருக்கும் அதே எதிர்பார்ப்புத்தான்.

நாலு, பழைய முடிவுகளை வரிசையாகக் காட்டுவது. சிவப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மேலே ஒரு பட்டியல் ஓடும். இன்னார் இவ்வளவு வென்றார் என்று ஒரு வரி ஓடும். தோற்றவரின் பெயர் ஓடாது. காரணமே இல்லாத இடத்தில் காரணம் தேட வைக்கிற பட்டியல் அது. இராசி போட்ட லொத்தர் டிக்கட் விற்பதும் இந்த வகைதான். உங்கள் இராசியை அச்சடித்தால் அது உங்களுக்காகவே வந்ததுபோல இருக்கும்.

ராசி ஓடும்போது மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதை லண்டனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். ஜுமின் ஷூ, நைஜல் ஹார்வி என்ற அந்த இருவரும் 776 பேர் இணையத்தில் கட்டிய 565,915 பந்தயங்களை எண்ணி, 2014இல் எழுதினார்கள். தொடர்ந்து வென்றவர்கள் அடுத்ததும் வென்றது உண்மை என்று கண்டார்கள். தோற்றவர்கள் மேலும் தோற்றதும் உண்மை. அப்போ ராசி உண்மைதானா? இல்லை. வென்றவர்கள் "இந்த ராசி எந்த நேரமும் மாறும்" என்று பயந்து, ஆபத்துக் குறைந்த பந்தயமாகப் பார்த்துக் கட்டினார்கள். அதில் வெல்வது எளிது, கிடைப்பது கொஞ்சம். தோற்றவர்களோ "இனி நமக்கு வரும்" என்று ஆபத்துக் கூடிய பந்தயத்தில் கட்டினார்கள். அதில் தோற்பது எளிது. தோற்றவரை மேலும் தோற்கடித்தது கிரகம் இல்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அவரே எடுத்த முடிவு. அந்தத் தம்பிக்கு நடந்ததும் இதுதான். வென்ற மூன்று இரவில் அவர் போட்டது நூற்றுக்கணக்கில். தோற்ற இரவுகளில் போட்டது ஆயிரக்கணக்கில்.

இனி என்ன செய்யலாம்? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு கொப்பி வையுங்கள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வந்தது. டிக்கட்டானாலும் கடதாசியானாலும் போனானாலும் ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் கையெழுத்தை நம்புங்கள்.

இரண்டாவது, டிக்கட் எடுக்காமல் இருக்க முடியாது என்றால், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று சம்பளத்துக்கு முந்தியே தீர்மானியுங்கள். வென்ற பிறகோ தோற்ற பிறகோ தீர்மானிக்க வேண்டாம். அந்த நேரத்தில் புத்தி நம் கையில் இருக்காது.

மூன்றாவது, விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள், நகை அடகு வைக்காதீர்கள். போனிலேயே கடன் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மிக மிகக் கவனம்.

நாலாவது, போனில் காசு விளையாட்டின் மணிச் சத்தத்தை நிப்பாட்டுங்கள். பேங்க் கார்ட் இலக்கத்தை அதில் பதிந்து வைக்காதீர்கள். முடிந்தால் அந்த விளையாட்டையே அழித்துவிடுங்கள். இரவில் போன் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, மறைக்காதீர்கள். கணவன் மனைவிக்கும், பிள்ளை தாய் தகப்பனுக்கும் மறைக்கத் தொடங்கும்போதுதான் 500 ரூபாய் ஐம்பதாயிரம் ஆகிறது. தாய்மாரே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் கேளுங்கள், ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மனம் உடைந்து, தவறான எண்ணம் வருகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். என் அறைக் கதவும் திறந்தே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தொடர்ந்து செய்வதில் உள்ள இந்த ஆசையை நாம் நல்லதுக்கும் திருப்பலாம். பாஷை படிக்கிற சில போன் பாடங்களில், இன்றோடு எத்தனை நாள் விடாமல் படித்தீர்கள் என்று எண்ணிக்கை காட்டுவார்கள். அந்த எண்ணிக்கை உடைந்துவிடக் கூடாது என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். நாமும் வீட்டில் அப்படிச் செய்யலாம். கலண்டரை மாட்டி, உண்டியலில் 40 ரூபாய் போட்ட நாளில் ஒரு கோடு போடுங்கள். வருஷம் முடிய 14,600 ரூபாய் இருக்கும். இந்த ஓட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணம் நீங்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் கொழுந்து குறைந்தது என்று மலையை விட்டு ஓடுகிறோமா? அடுத்த நாள் மறுபடியும் போடுங்கள்.

அந்தத் தம்பி இப்போது கொப்பி எழுதுகிறார். மாதம் மாதம் அம்மாவின் அடகுக்குக் காசு அனுப்புகிறார். அவர் அனுப்பிய இரசீதை அம்மா என்னிடம் கொண்டு வந்து காட்டினார். தோடு இன்னும் திரும்பி வரவில்லை. வரும் தைப்பொங்கலுக்குள் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அந்தக் கணக்கில் ராசிக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். போகும்போது வாசலில் பிள்ளைகள் கொப்பி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.